ஒலீட்டா க்ரம் வெட்டியெடுத்த இரண்டு அத்தியாயங்கள்

கிரேஞ்சர் ஃபால்ஸில் எந்த வதந்தி பிறந்தாலும் அது முதலில் க்ளீட்டஸ் நாப்பின் சவரக் கடையில் முகம் கழுவிக்கொண்டுதான் ஊருக்குள் போகும். 1926 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்த வதந்தி இது: நகர நூலகத்தை நடத்தும் மிஸ் ஒலீட்டா க்ரம், பணக்காரன் கெட்டழிவதாக முடியும் நாவல்களின் கடைசிப் பக்கங்களைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுகிறார். அடுப்புத் தொழிற்சாலை முதலாளி ஓரின் பிலிங்ஸ்லி புது நூலகக் கட்டடத்துக்குத் தரப்போகும் இருபத்தைந்தாயிரம் டாலருக்காக.

"கத்திய என்கிட்டதான் வாங்கினாங்க," என்றார் க்ளீட்டஸ், என் தாடையில் நுரை பூசியபடி. "ரெண்டு கத்தி. மீசை இல்லாத பொம்பளைக்கு ரெண்டு கத்தி எதுக்குய்யா?"

"பென்சில் சீவ இருக்கும்."

"பென்சில் சீவுறவங்க முகம் அப்படி இருக்காது. நான் இருபது வருஷமா முகத்தப் பக்கத்துல வச்சுப் பாக்குறவன்."

அடுத்த நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்தவர் வெர்ன் டாக்கெட். பிலிங்ஸ்லியின் தொழிற்சாலையில் மணலில் அச்சு பிடித்து அடுப்பு வார்ப்பவர். "எங்க வீட்டுக்கு வந்த புத்தகத்துலயும் கடைசி ரெண்டு அத்தியாயம் இல்லியே," என்றார்.

"நீ புத்தகம் படிக்கிறியா? எப்பலேர்ந்து?" என்றார் க்ளீட்டஸ்.

"பொண்டாட்டி படிப்பா. சாப்பிடும்போது எனக்குச் சொல்லுவா. அந்த ஆளு கடைசில உருப்பட்டானா நாசமாப் போனானான்னு தெரியாம எங்க வீட்ல பத்து நாளா சண்டை."

"நீ எந்தக் கட்சி?"

"நாசமாப் போகணும்னுதான். நம்ம முதலாளி மாதிரியே இருக்கான்யா அவன். இரும்பு மட்டமா இருந்து அடுப்புல விரிசல் விட்டாலும், வார்த்தவன் கூலியில பிடிச்சுக்கிறான்."

க்ளீட்டஸ் கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். வெர்னுக்கு அந்த மாதம் பதினொரு அடுப்புக்குப் பிடித்திருந்தார்கள்.

நான் அந்த வதந்தியை நம்பவில்லை. ஒலீட்டாவைப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். ஐம்பத்து மூன்று வயது, ஒரே ஒரு கம்பளிக் கோட்டு, அதற்கு மாற்றி மாற்றித் தைத்துக்கொள்ள மூன்று கழுத்துப் பட்டைகள். மாதச் சம்பளம் ஐம்பத்தைந்து டாலர். தங்கியிருக்கும் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறைச்சி. மற்ற நாள் மத்தியானத்துக்கு உப்பு பிஸ்கட்டும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும், அதுவும் மேசையடியில் மறைத்து, ஏனென்றால் நூலகத்தில் தின்பண்டம் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவரே அவர்தான்.

அவருடைய அப்பா ஜாஸ்பர் க்ரம் கோவேறு கழுதை வியாபாரி. நேர்மையான மனிதர் என்று பெயர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, நொண்டிக் கழுதை ஒன்றை நல்ல கழுதை என்று சொல்லி ஒரு விதவைக்கு விற்றுவிட்டார். கிடைத்த பணத்தில் ஒரு பியானோ வாங்கிப்போட்டார். வீட்டில் அதை யாரும் வாசிக்கவில்லை. அப்பா அந்த அறைக்குள்ளேயே போவதில்லை. ஒலீட்டா அந்தப் பியானோவின் மேல் தன் புத்தகங்களை அடுக்கி வைத்தார். ஊரில் முதல் நூலகம் அதுதான் என்று இப்போதும் சிரிக்காமல் சொல்வார்.

இந்த வளர்ப்பின் பலன் நூலக அலமாரிகளில் தெரியும். மற்ற ஊர்களில் நாவல்களை எழுதியவர் பெயர் வரிசையில் அடுக்குவார்கள். ஒலீட்டா, கதையில் பணம் எப்படி வந்தது என்று பார்த்து அடுக்குவார். அப்பன் வைத்துவிட்டுப் போன பணம் ஒரு அலமாரி. கல்யாணத்தில் வந்தது ஒன்று. உழைத்து வந்தது ஒன்று. அதில் இடம் நிறையக் காலி. எப்படி வந்தது என்று கேட்கக் கூடாத பணத்துக்கு ஒன்றரை. கடைசிவரை வராத பணத்துக்கு மூன்று அலமாரி போட்டும் போதாமல் ஜன்னல் திட்டு வரைக்கும் புத்தகம். மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து இதைப் பார்த்துவிட்டு, "இப்படி வைத்தால் ஒருவர் எப்படித் தேடி எடுப்பார்?" என்று கேட்டார். "என்ன வேணும்னு யோசிச்சுட்டு வருவாங்க," என்றார் ஒலீட்டா. மேற்பார்வையாளர் போகும்போது கல்யாண அலமாரியிலிருந்து இரண்டு எடுத்துப் போனார்.

இப்படிப்பட்டவர் நாவலில் கத்தி வைப்பாரா? புதன்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தேன். நான் ஆசிரியராக இருக்கும் ஊர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் பிலிங்ஸ்லி அடுப்பு விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வரும். ஆகவே நீதி கேட்கும் தகுதியோடு நான் அந்தப் படியேறினேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நூலகம் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இருக்கிறது. கீழே தண்ணீரைப் பீய்ச்சக் காத்திருப்பார்கள். மேலே கூரை தானாகவே பீய்ச்சும். அன்று மழை. ஏழு வாளிகள், ஏழு சுருதி. "வராத பணம்" அலமாரிகளின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. மேசையருகே ரயிலில் வந்த ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரே நாவலின் நாற்பது புதுப் பிரதிகள், பச்சை அட்டை. ஒலீட்டாவின் கையில் கத்தி.

கேள்வியே தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"ஆமா, வெட்டினேன்," என்றார். "கதவ சாத்துங்க, மழைச் சாரல் அடிக்குது."

"ஊர் சொல்றது உண்மைதானா?"

"ஊர் பாதி சொல்லுது. எல்லா நாவலையும் இல்ல. இது ஒன்ன மட்டுந்தான்."

உட்கார்ந்து கேட்டதில் விஷயம் இப்படி வந்தது.

பிப்ரவரியில் பிலிங்ஸ்லி பனியில் வழுக்கிக் கால் முறிந்து படுத்திருந்தார். வணிகச் செய்தித்தாள் தவிர வேறெதையும் படித்தறியாதவர். சலிப்புத் தாங்காமல் அவர் மனைவி நூலகத்துக்கு ஆள் அனுப்பி, "ஏதாவது ஒன்று" கேட்டார். ஒலீட்டா ஏதாவது ஒன்றைக் கொடுக்கவில்லை. இந்தப் பச்சை அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தகரம் தட்டும் ஏழைப் பையன் ஒருவன் ஊரையே வாங்குகிற கதை. முதலில் கூட்டாளியிடம் ஒரு சின்னப் பொய். பிறகு வங்கியில் கொஞ்சம் பெரிய பொய். பிறகு தன் மட்டமான சரக்குக்குத் தொழிலாளிகளின் கூலியில் பிடித்தம். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் மலைமேல் மாளிகை. அதற்குப் பிறகுதான் கதையின் உயிரே இருக்கிறது: கடைசி இரண்டு அத்தியாயத்தில் கூட்டாளி இல்லை, பிள்ளைகள் பேசுவதில்லை. இருபத்து நான்கு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் அவன் மட்டும் உட்கார்ந்து ஒரு வேகவைத்த முட்டையைத் தின்கிறான்.

"படிச்சா கொஞ்சம் உறுத்தும்னு நெனச்சேன்," என்றார் ஒலீட்டா. "விரிசல் பிடித்தத்தையாவது எடுப்பாரேன்னு."

"உறுத்திச்சா?"

"ஊன்றுகோல் ஊனிக்கிட்டு, அந்தப் படி முழுக்க ஏறி வந்தார். என் கையப் பிடிச்சு, 'மிஸ் க்ரம், என் வாழ்நாள்ல இப்படி ஒரு தொழில் புத்தகம் படிச்சதில்ல'ன்னார்."

மனிதர் இருபத்திரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டிருந்தார். மாளிகை கட்டியாகிவிட்டது, கதை முடிந்தது. மிச்சம் கல்யாணம் காட்சியாக இருக்கும், அது பெண்கள் படிக்கிற பகுதி என்று நினைத்துவிட்டார். இந்தத் தவறை வேறெந்த நாட்டிலும் ஒருவர் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே, எங்கள் ஊரில், வேறு மாதிரிப் படிப்பதுதான் கஷ்டம்.

பிலிங்ஸ்லி அதோடு நிற்கவில்லை. சிகாகோவுக்கு எழுதி நாற்பது பிரதி வரவழைத்தார். விற்பனையாட்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொன்றிலும் "ஓரின் பிலிங்ஸ்லியின் அன்பளிப்பு" என்று சீட்டு ஒட்டும் வேலை ஒலீட்டாவுக்கு. வியாழக்கிழமை ஊர் வியாபாரிகளின் முன்னேற்றச் சங்கம் நடத்தும் மதிய விருந்தில் ஒலீட்டா அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும்; பேசி முடித்ததும் புதுக் கட்டடத்துக்கான காசோலையை எல்லார் முன்னிலும் தருவார். இதற்கிடையில் தன் பேச்சுக்குக் குறிப்பெடுக்க நூலகப் பிரதியை இன்னொரு முறை கேட்டிருந்தார்.

"அப்பதான் வெட்டினேன். இந்தத் தடவ தப்பித்தவறி மேல படிச்சுட்டார்னா பணமும் போச்சு, என் வேலையும் போச்சு. திரும்பி வந்த உடனே ஒட்டிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள வெர்ன் பொண்டாட்டி எடுத்துட்டுப் போயிட்டா."

"இந்த நாற்பது?"

"ஏழு முடிச்சுட்டேன்." கத்தியை மேசையில் வைத்தார். "முதல் புத்தகத்த வெட்ட அரை மணி நேரம் ஆச்சு. ஏழாவதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. அதான் இப்ப பயமா இருக்கு."

வாளிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நாவலைப் பற்றி வாசகர் வட்டத்தில் அவர் வருடாவருடம் சொல்வது எனக்கு ஞாபகம் இருந்தது: அந்த ஆள் மொத்தமாக விலைபோகவில்லை, சில்லறையில் விலைபோனான். அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"வெட்டலேன்னா?" என்று கேட்டேன்.

"வெட்டலேன்னா நாளைக்கு நாப்பது பேர் முடிவப் படிப்பாங்க. யாராவது ஒருத்தர் முதலாளிகிட்டச் சொல்வாங்க. வெட்டினா, நல்ல கூரைக்குக் கீழ உக்காந்து, பாதிப் புத்தகம் குடுக்குற பொம்பளையா இருப்பேன்." ஒரு பிஸ்கட்டை எடுத்தார், தின்னவில்லை. "எங்க அப்பாவுக்காவது பியானோ மிஞ்சிச்சு."

முன்னேற்றச் சங்கத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. விருந்து அறைக்குள் யாரும் யாரையும் "மிஸ்டர்" என்று கூப்பிடக் கூடாது. பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாய் தவறினால் பீங்கான் பன்றி உண்டியலில் பத்து சென்ட் போட வேண்டும். வருடத்தில் ஐம்பத்திரண்டு வியாழக்கிழமை, தலா ஒன்றரை மணி நேரம், வங்கிக்காரரும் சவப்பெட்டிக்காரரும் சமமாகிவிடுவார்கள். மணி ஒன்றரை அடித்ததும் பழையபடி மிஸ்டராகி வெளியே வருவார்கள்.

வியாழக்கிழமை கோழியும் பட்டாணியும் பால் குழம்பில் மிதந்தன. சங்கப் பாட்டைப் பாடி முடித்தார்கள். ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒரு பச்சைப் புத்தகம், மேஸ்திரிகளுக்குப் போகுமுன் சங்கத்தார் பார்க்க. என்னுடையதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்; முழுசாக இருந்தது. பக்கத்துத் தட்டிலிருந்ததைப் புரட்டினேன். கடைசி இரண்டு அத்தியாயம் பழுப்பு நூலில் தைத்திருந்தது. இரண்டையும் மூடி வைத்துவிட்டு, பட்டாணியை எண்ண ஆரம்பித்தேன்.

பிலிங்ஸ்லி எழுந்தார். பெரிய உடம்பு, சிறிய குரல். "நண்பர்களே, இந்தப் பையன் என்னை மாதிரியே தகரம் தட்டி ஆரம்பிச்சவன். எங்க போய்ச் சேர்ந்தான்னு பாருங்க," என்றார். கைதட்டல். காசோலை அவருடைய சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. "மிச்சத்த ஒலீட்டா சொல்லுவாங்க."

ஒலீட்டா வெள்ளைக் கழுத்துப் பட்டை தைத்த கோட்டோடு எழுந்தார். "மிஸ்டர் பிலிங்ஸ்லி," என்றார்.

"பத்து சென்ட், பத்து சென்ட்," என்று பின்வரிசையில் மேசையைத் தட்டினார்கள். உண்டியல் கை மாறி முன்னால் வந்தது. ஒலீட்டா பையைத் துழாவி ஒரு காசைப் போட்டார். அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"சரி. இந்த அறையில மிஸ்டர் கிடையாதுன்னு நீங்களே சட்டம் போட்டிருக்கீங்க. அதனால சொல்றேன், ஓரின். கதை இன்னும் முடியல."

அந்த அறையில் அந்தப் பெயரை வாரம் நாற்பது முறை சொல்கிறார்கள். ஆனால் அன்றுதான் யாரோ அவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பிலிங்ஸ்லி முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க இருபத்திரண்டாம் அத்தியாயத்துல நிறுத்திட்டீங்க. அது தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். போன தடவ நீங்க வாங்கிட்டுப் போனதுல மிச்சத்த நானே வெட்டி எடுத்துட்டேன், கூரைக்காக. நாப்பதையும் வெட்டத்தான் உக்காந்தேன். ஏழோட நிறுத்தி, நேத்து திருப்பித் தச்சுட்டேன். இப்ப ரெண்டு பக்கம் படிக்கிறேன். படிச்சதுக்கப்புறம் அந்தக் காசோலைய என்ன செய்யணுமோ செய்ங்க."

முட்டைக் காட்சியைப் படித்தார். நாடகமாகப் படிக்கவில்லை, மளிகைப் பட்டியல் படிக்கிற குரலில் படித்தார். நாற்காலிகளை அவன் எண்ணுகிற இடம் வந்தபோது யாரோ இருமினார். படித்து முடித்து உட்கார்ந்துவிட்டார்.



"எங்க வீட்ல பதினாறு நாற்காலிதான்," என்றார் பிலிங்ஸ்லி.

சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவரும் சிரிக்கவில்லை. காசோலையைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "மிச்ச வேலையப் பாப்போம்," என்றார். சங்கம் சாக்கடைக் குழாய் பற்றி விவாதிக்கத் தொடங்கியது.

அன்று சாயங்காலமே ஒலீட்டா ராஜினாமா எழுதி நூலகக் குழுவுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை அவர் வாளிகளைக் காலி செய்துகொண்டிருந்தபோது படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அப்போது நான் "கேட்கக் கூடாத பணம்" அலமாரியருகே நின்றிருந்தேன். எந்தப் புத்தகத்தைத் தேடினேன் என்று ஞாபகம் இல்லை.

"அந்தப் புத்தகத்த எனக்கு எதுக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டார் பிலிங்ஸ்லி. தொப்பியைக் கழற்றவில்லை.

"முழுசா படிப்பீங்கன்னுதான்."

"என்னை அந்த ஆளுன்னு நெனச்சீங்களா?"

"நெனைக்கலேன்னா அனுப்பியிருக்க மாட்டேன். முழுக்க நெனச்சிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்."

பிலிங்ஸ்லி மேலே பார்த்தார். ஒரு சொட்டு அவர் தொப்பி விளிம்பில் விழுந்தது.

"கட்டடம் கிடையாது, மிஸ் க்ரம். சலவைக்கல்லுல என் பேர் பொறிச்சு, உள்ள அந்தப் புத்தகத்தையும் வச்சா ஊரே சிரிக்கும். கூரை போட்டுத் தரேன். தகரக் கூரை. தகரம் எனக்குத் தெரிஞ்ச சரக்கு."

"ரொம்ப நன்றி. விரிசல் பிடித்தம்?"

"கூரையப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்?"

"நீங்க கூரையப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

பிலிங்ஸ்லி மேசைமேலிருந்த பழைய நூலகப் பிரதியை எடுத்தார். வெர்னின் மனைவி முதல்நாள்தான் திருப்பித் தந்திருந்தார். அதிலும் கடைசி இரண்டு அத்தியாயம் மறுபடி தைத்திருந்தது. ஒலீட்டா தேதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

குழு ராஜினாமாவை ஏற்கவில்லை. மன்னிக்கும் குணத்தால் அல்ல. அந்த இடத்துக்கு ஓர் ஆணை வைத்தால் நூற்றுப்பத்து டாலர் கேட்பான் என்று பொருளாளர் கணக்குச் சொன்னார். ஏப்ரலில் கூரை வந்தது. இப்போது மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, ஆனால் எல்லாம் உலர்ந்திருக்கிறது. ஜன்னல் திட்டிலிருந்த புத்தகங்களை நனையாத புது அலமாரிக்கு மாற்றியாகிவிட்டது.

தொழிற்சாலையில் மே மாதச் சம்பளத்தில் விரிசல் பிடித்தம் பாதியாகக் குறைந்திருந்தது. முழுசாக எடுக்கவில்லை. இரும்பு மட்டமா, கை மட்டமா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆள் வெர்ன் டாக்கெட். முதலாளி இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. நாற்பது பிரதிகளும் கை மாறிக் கை மாறி வார்ப்படப் பட்டறைவரை போய்விட்டன என்பதும், சில மேஸ்திரிகள் மத்தியானம் முட்டை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதும் க்ளீட்டஸ் சொல்லித் தெரிந்தவை. இரண்டாவதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. மார்ச்சில் பிலிங்ஸ்லி எடுத்துப்போன நூலகப் பிரதி ஏப்ரல் ஒன்பதாம் தேதி திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாளுக்கு இரண்டு சென்ட் தாமதக் கட்டணம். ஒலீட்டா திங்கள்தோறும் ஓர் அஞ்சலட்டை போடுகிறார். பிலிங்ஸ்லி பதில் அட்டை போடுகிறார், எப்போதும் ஒரே வரி: "இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்."

"கூரை போட்டவர்கிட்ட கட்டணம் கேக்குறது நல்லாவா இருக்கு?" என்று குழுப் பொருளாளர் போன வாரம் கேட்டுப் பார்த்தார்.

"கூரை வேற, இது வேற," என்றார் ஒலீட்டா, அட்டையில் முகவரி எழுதிக்கொண்டே. "அதுவும் இப்ப இருபத்து மூணாவதுலதான் இருக்காராம், அவர் மனைவி சொன்னாங்க. அவசரப்படுத்தக் கூடாது. ஆனா கட்டணம் கட்டணந்தான்."

நேற்று, செப்டம்பர் பதினொன்று வரைக்கும், பாக்கி மூன்று டாலர் பத்து சென்ட்.